கைப்பிடியில் மாட்டிய கொக்கி

மார்ச் 4, செவ்வாய்

இன்று வண்டி நாள். காலையிலேயே தங்கையுடன் சண்டை. பச்சைப் பாவாடையை எடுத்து வைக்கச் சொன்னால் சாம்பல் நிறத்தை எடுத்து வைத்திருக்கிறாள். "பயிற்சிக்குத்தானே போற, உன்னைப் படம் புடிக்கவா வராங்க?" என்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் யாரும் வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். சாம்பல் நிறம் நீளம் போதாது. பை தெரியும்.

பை. யாரும் படிக்காத இந்த நோட்டில்கூடச் சிறுநீர்ப் பை என்று முழுதாக எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எங்கள் தையல் கடை மாடிப்படியில் துணிக்கட்டோடு உருண்டு இடுப்புக்குக் கீழே எல்லாம் போன நாளிலிருந்து நானும் அதுவும் பிரியாத சோடி. சக்கர நாற்காலிக்கு அடியில், பின் சக்கரத்தை ஒட்டி, இரும்புச் சட்டத்தில் தொங்குகிறது. நீளப் பாவாடையைப் பரப்பிப் போட்டு உட்கார்ந்தால் ஒருவருக்கும் தெரியாது.

பயிற்சி நிலையத்து வேன் வந்தது. பின்கதவைத் திறந்து சாய்பலகையை இறக்கி டிரைவர் தம்பி என்னைத் தள்ளி ஏற்றினான். உள்ளே இரண்டு சக்கர நாற்காலிக்கு இடம், ஒன்றன் பின் ஒன்றாக. முன்னால் ரேடியோ மாமா. அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வாய் ஓயாது, அதனால் ரேடியோ. கரண்டில் ஓடும் நாற்காலி அவருடையது. உடம்பில் வேலை செய்வது வலது கை ஒன்றுதான். அந்தக் கையால் சின்னக் குச்சியை அசைத்து நினைத்த இடத்துக்குப் போவார்.

"தையக்காரம்மா, இன்னிக்கு ஊசி வெடைப்பா இருக்கு போல?" என்றார். முன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துத்தான்.

"உங்க வாயைத் தெக்கலாம்னு எடுத்துட்டு வந்திருக்கேன் மாமா."

வண்டியில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, கட்டிப் போடுவது. தரையில் பதித்த இரும்புப் பள்ளத்திலிருந்து நாலு பட்டைகள் வரும், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. அதை நாற்காலியின் சட்டத்தில் மாட்டி இழுத்து இறுக்க வேண்டும். அப்புறம் ஆளுக்கென்று தனியாக வேன் பெல்ட். முன் கொக்கிகளை மாட்ட வேண்டுமானால் என் பாவாடை விளிம்பைத் தூக்க வேண்டும். பின் கொக்கிகளை மாட்ட வேண்டுமானால் பையை ஒதுக்க வேண்டும். ஒரு ஆண்பிள்ளை என் நாற்காலிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு, அதுவும் நடுத்தெருவில், வேன் கதவு திறந்திருக்கையில். முடியாது என்று முதல் மாதமே சொல்லிவிட்டேன்.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. முன் கொக்கிகள் வேண்டாம். பின் கொக்கிகள் இரண்டையும், நான் முழங்கை வைக்கும் கைப்பிடியில் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிவிட வேண்டும். பெல்ட்டுக்குப் பதில் நாற்காலியோடு வந்த இடுப்புப் பட்டை போதும்.

இன்றும் தம்பி தலையைச் சொறிந்தான். "அக்கா, கைப்பிடி கழண்டு வர்ற சாமான். சட்டத்துலதான் மாட்டணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

"நீ ஓட்டற ஓட்டத்துக்கு நத்தையே ஹாரன் அடிச்சுட்டு முந்திப் போகுது. மாட்டு தம்பி."

மாட்டினான். அவன் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்தபோது நான் கூலி வாங்கவில்லை. அன்றிலிருந்து என் பேச்சைத் தட்ட அவனால் முடியவில்லை. அது தெரிந்துதான் பேசுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

திரும்பும்போது தம்பி என் பக்கத்தில் குனிந்து, மாமா காதில் விழாத குரலில் சொன்னான்: "அக்கா, நான் கண்ணை மூடிட்டு மாட்டறேன். தடவிப் பாத்தே மாட்டிடுவேன். சத்தியமா பாக்க மாட்டேன்."

"கண்ணை மூடிட்டு மாட்டி, கொக்கியை என் கால்ல மாட்டிடப் போற" என்று சிரித்துச் சமாளித்தேன். அவனும் சிரித்தான். கைப்பிடியிலேயே மாட்டினான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பார்க்க மாட்டேன் என்றால், பார்க்க ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? இவ்வளவு நாளும் நான் பாவாடையைப் பரப்பிப் பரப்பிப் போட்டதை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தானா? காது மடல் சுட்டது.

மார்ச் 11, செவ்வாய்

வண்டி. பயிற்சி. தோள் வலி. தம்பி ஒன்றும் கேட்காமல் கைப்பிடியில் மாட்டினான்.

மார்ச் 14, வெள்ளி

எழுத முடிகிறதா பார்க்கிறேன். தங்கை கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து என்னைக் கழுவி உடை மாற்றிப் போட்டாள். இப்போது பின்கட்டில் பாவாடையை அலசுகிறாள். இரண்டு முறை அலசிவிட்டாள். இன்னும் அலசுகிறாள்.

திரும்பி வரும் வழி. பள்ளிக்கூடத்தைத் தாண்டிய வளைவில் ஒரு பைக் சந்திலிருந்து குறுக்கே பாய்ந்தது. தம்பி பிரேக்கை மிதித்தான். அவன் வேகமாக வரவில்லை. யார் என்ன சொன்னாலும் அவன் வேகமாக வரவில்லை.

டக்கென்று ஒரு சத்தம். வலது கைப்பிடி. என் முழங்கைக்கு அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, கொக்கியும் பட்டையும் கைப்பிடியுமாக. இடப்பக்கம் மட்டும் பிடித்திருந்ததால் நாற்காலி அப்படியே ஒரு சுழற்று சுழன்று வலப்பக்கமாக முன்னால் போனது. மாமா எப்போதும்போல வலது கையைத் தொங்கப் போட்டுச் சக்கரத்தில் தாளம் தட்டிக்கொண்டு வந்தார். என் கால்மிதி இரும்பு நேராக அந்தக் கையில். என் நெற்றி அவர் நாற்காலி முதுகில்.

அவர் கத்தவில்லை. பேச்சு நின்றது. தங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதி வார்த்தையில் நிறுத்தினார்.

அப்புறம் வாடை. பை சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவில் சிக்கிக் கிழிந்துவிட்டது. தரையெல்லாம். பாவாடையெல்லாம். ஆட்கள் ஓடி வருகிறார்கள், யாரோ பின்கதவைத் திறக்கிறார்கள், மாமாவின் மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கமாக மடங்கிக் கிடக்கிறது — அந்த நேரத்துல நான் என்ன நெனச்சேன்? ஐயோ எல்லாரும் பாக்கறாங்களே. அதைத்தான் நெனச்சேன். அந்த மனுஷனுக்கு இருக்கற ஒரே கையை ஒடிச்சுட்டு, என் பாவாடையைப் பத்தி நெனச்சேன்.

தம்பி மாமாவின் கையைத் தன் துண்டில் வைத்துக் கட்டினான். ஆம்புலன்சுக்குச் சொன்னான். பிறகு தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இருக்கைக்கு அடியிலிருந்த தண்ணீர்க் கேனை இழுத்து, மூடியைத் திருகி, காலால் ஓர் உதை. தண்ணீர் வேன் முழுக்க ஓடியது.

"கேன் கவுந்துடுச்சு, வழுக்கும், யாரும் உள்ள ஏறாதீங்க" என்று வெளியே பார்த்துக் கத்தினான்.

அவன் பேண்ட்டும் நனைந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். தங்கை போனில் விசாரித்தாள். நாற்காலிக் குச்சியை அசைக்கும் கை அது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இனிமே அவரு எப்படி…" என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

என் நெற்றியில் ஒரு வீக்கம். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

பயிற்சி நிலையத்தில் விசாரணை. மேலாளரம்மாவின் அறை. மேசைமேல் பேப்பர் வெயிட்டுக்குப் பக்கத்தில் என் நாற்காலியின் கைப்பிடி. வேறு கைப்பிடி பொருத்திக் கொடுத்துவிட்டார்கள், இது சாட்சிக்கு.

ரேடியோ மாமாவின் மனைவி ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தம்பி நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"பட்டையைக் கைப்பிடியில ஏன் மாட்டினீங்க?"

"அவசரத்துல மேடம்."

"முன்னாடி ரெண்டும் மாட்டவே இல்லையே?"

"மறந்துட்டேன் மேடம்."

"அவங்களுக்கு வேன் பெல்ட்டும் போடல."

"அதுவும் மறந்துட்டேன்."

"முன்னாடி இருந்தவருக்கு எல்லாம் சரியா மாட்டியிருக்கீங்க. இவங்களுக்கு மட்டும் எப்படி எல்லாமே மறக்கும்?"

தம்பி தரையைப் பார்த்தான். மேலாளரம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் வீட்டம்மாவும். நானும் பார்த்தேன், ஏதோ எனக்குத் தெரியாத விஷயம் அவன் வாயிலிருந்து வரப்போவதுபோல.

அவன் சொல்லவில்லை.

மேலாளரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

சொல்லியிருக்கலாம். நான்தான் கைப்பிடியில் மாட்டச் சொன்னேன் என்று நாலே வார்த்தை. ஆனால் அடுத்த கேள்வி ஏன் என்று வரும். ஏன் என்றால் பை. பை என்றால் அன்றைக்குத் தரையில் ஓடியது தண்ணீர் இல்லை. தொடையில் நகத்தை அழுத்திப் பார்த்தேன். அங்கே எனக்கு வலி எதுவும் தெரியாது.

"நல்ல பையன் மேடம்" என்றேன். "வேணும்னு செஞ்சிருக்க மாட்டான்."

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாவியை மேசைமேல், கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்தான். போகும்போது என்னிடம், "நெத்தி வீக்கம் வத்திடுச்சாக்கா?" என்று கேட்டான்.

மார்ச் 19, புதன்

நல்ல பையனாம். அதைச் சொல்ல எனக்கு ஒரு நாக்கு.

மார்ச் 22, சனி

தாழ்வான வெட்டுமேசையில் ஒரு கோட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் தம்பியின் மனைவி. மகளின் சீருடையோடு வந்திருக்கிறாள். பெண் வளர்ந்துவிட்டாளாம், கீழ் மடிப்பைப் பிரித்து இறக்க வேண்டுமாம்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு அவரு தினமும் சொல்லுவாருக்கா. அதுவரைக்கும் தப்பிச்சோம்னு."

இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

"மார்க்கெட்ல மூட்டை இறக்கறாரு. முதுகு புடிச்சுக்கிச்சு. ஓட்டற வேலைக்கு எங்க போனாலும், ஏன் நிறுத்துனாங்கன்னு கேக்கறாங்க. மறதின்னு சொன்னா யாருக்கா வண்டியைக் குடுப்பாங்க?" பிறகு அவளே சிரித்தாள். "மறதியாம். எங்க கல்யாண நாளைக்கூட மறக்காத ஆளு."

மடிப்பைப் பிரித்தேன். என் தையல்தான், என் நூல்தான். பிரித்த இடத்தில் புதுத் துணி மாதிரி ஒரு கோடு. என் கையிலிருந்து ஊசி இரண்டு தடவை நழுவியது. தங்கை இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் மனைவி போனதும் தங்கை கேட்டாள்: "அக்கா, நீ சொல்லித்தான் அந்தப் பையன் கைப்பிடியில மாட்டினானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எதுக்கு?"

"பை."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எங்களுக்கு அது பழக்கம். அவள் சிரித்துவிட்டாள், ஒரு மாதிரி. "உனக்குப் பை இருக்குன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். ராத்திரிப் பையைக் கழுவிக் கொடியில காயப் போடறேனே, தோரணம்னா நெனச்சுக்கறாங்க?"

பிறகு சிரிப்பு நின்றது. "அவன் மூட்டை தூக்கறான். நீ இங்க உக்காந்து அவன் பொண்ணு துணிக்கு மடிப்புப் பிரிக்கற. எப்படி முடியுது உன்னால?"

சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை. பையை மட்டும் நேரத்துக்கு வந்து மாற்றிவிட்டுப் போனாள்.

மார்ச் 25, செவ்வாய்

புது டிரைவர். வாயில் எதையோ மென்றுகொண்டே இருக்கிறான். என் முன்னால் மாமாவின் இடம் காலி.

கொக்கியோடு குனிந்தான். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது: "அங்க வேணாம்."

"அப்ப வண்டி எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

பாவாடையை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டேன். பிறகு, "சரி, மாட்டு" என்றேன்.

விளிம்பை விலக்கினான். பையை ஒரு விரலால், ஜன்னல் திரையை ஒதுக்குவது மாதிரி ஒதுக்கினான். டக், டக். முன்னால் வந்து டக், டக். நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். பெல்ட்டை என் இடுப்போடு சேர்த்து, கைப்பிடிக்கு உள்பக்கமாக விட்டு மாட்டினான். மென்றுகொண்டே போய் வண்டியை எடுத்தான். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

இதற்காகவா?

வழியெல்லாம் கடைக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் ஞாபகம். டேப்பை இடுப்பில் சுற்றினால் மூச்சை இழுத்துக்கொண்டு கூசிப்போய் நிற்பார்கள். "என்ன வெக்கம், நான் பாக்காத உடம்பா, கையைத் தூக்கு" என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன். கூச்சம் அடுத்தவர்களுக்கு என்றால் எனக்கு அது வேலைக்கு இடைஞ்சல்.

பயிற்சி முடிந்து மேலாளரம்மா அறைக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினேன். உள்ளே யாரோ இருந்தார்கள். அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

இன்று அறையில் யாரும் இல்லை. மேலாளரம்மாவே வாசலுக்கு வந்து நெற்றி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

உள்ளே போனபோது பயிற்சி கொடுக்கும் பெண்ணும் இருந்தாள். "கதவைச் சாத்தட்டுமா?" என்று கேட்டாள். சாத்துங்கள் என்றுதான் வாய் வந்தது. வேண்டாம் என்றேன். வரிசையில் காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

எதையும் பூசி மெழுகவில்லை. பை, பாவாடை, கைப்பிடி, சீருடைக்கு வாங்காத கூலி, கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறேன் என்று அவன் சொன்னது, தண்ணீர்க் கேன். கேனைச் சொல்லும்போது மட்டும் அழுதேன்.

மேலாளரம்மா ஆறுதல் சொல்வார் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர், "அன்னைக்கு இதே இடத்துல உக்காந்திருந்தீங்க" என்றார்.

"ஆமா."

"மறக்கற ஆளை வண்டியில வெக்க முடியாதுன்னுதான் நிறுத்தினோம். மறக்கலைன்னா அது வேற. ஆனா அவரும் வண்டியை எடுத்திருக்கக் கூடாது. நீங்க ராஜா மகளாவே இருந்தாலும், மாட்ட விடலைன்னா எடுக்கக் கூடாது. மறுபடி பயிற்சிக்கு அனுப்பிட்டுத்தான் சேத்துக்க முடியும். வரணும்னு அவருக்கும் தோணணும்."

எழுந்து கதவுவரை வந்தார். "அந்த ஐயா வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது."

ஏப்ரல் 5, சனி

தங்கை தள்ளிக்கொண்டு போனாள். மாமா வீடு மூன்று தெரு தள்ளி. வாசலில் ஒரு படி. அதில் ஏற்ற பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை கொடுத்தார்.

கரண்டு நாற்காலி சுவரோரம் சும்மா நின்றது. மாமா சாதாரண நாற்காலியில், மடியில் கட்டுப் போட்ட கை. வீட்டம்மா அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாமா, "வாம்மா தையக்காரம்மா, என் வாயைத் தெக்க வந்தியா? இப்ப ஈஸியா தெக்கலாம், தட்டிவிடக் கை இல்ல" என்றார். அதைக் கேட்ட பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சொன்னேன்.

கரண்டியைப் பிடித்திருந்த அவர் மனைவியின் கை அப்படியே நின்றது.

"பையா?" என்றார் மாமா கடைசியில்.

"ஆமா மாமா."

"எனக்கும் பைதான்மா. ஆறு வருஷமாச்சு. நாற்காலிக்குப் பின்னாடிதான் தொங்குது. தம்பி தினமும் அதை ஒதுக்கிட்டுத்தான் எனக்குக் கொக்கி மாட்டுவான். நீ நேரா என் பின்னாடிதானே உக்காந்திருந்த? உன் கண்ணுல படவே இல்லையா?"

படவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் என் கண்ணுக்கு நேரே தொங்கியிருக்கிறது. என்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்த்த நேரத்தில் நான் யாரையும் பார்க்கவில்லை.

அவர் மனைவி தட்டைக் கீழே வைத்தார். "இவருக்கு மூக்கு அரிச்சாக்கூட நான்தான் வந்து சொறியணும் இப்ப. நான் குளிக்கப் போனா, வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பாரு. விபத்து யாருக்கும் வரும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அந்தப் பையனைத் தினமும் சபிச்சேன். அந்த சாபத்தையெல்லாம் இப்ப எங்க கொண்டு போய் வெக்கறது?" குரல் உயரவேயில்லை. உள்ளே போய்விட்டார். நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை.

மாமா வாசல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "கை கூடிடும்னு சொல்றாங்க. முழுசா கூடுமான்னு சொல்லல. கை ஒடிஞ்சதுக்கு உன் மேல கோவம் இல்லம்மா, அது யாருக்குத் தெரியும். அன்னைக்கு அந்த ரூம்ல வாயை மூடிட்டு இருந்த பாரு. அது." முடிக்கவில்லை.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை. வழியில் தங்கை என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டே தள்ளினாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பாவாடைகள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் போட்டு நீளத்தைக் குறைத்தேன். பச்சைப் பாவாடை உட்பட. தங்கை ஒன்றும் கேட்காமல் ஓரம் அடித்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாமாவின் வீட்டம்மா தம்பி வீட்டுக்கே போய்விட்டு வந்தாராம். தங்கை சொன்னாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தம்பி வந்துவிட்டான்.

ஹாரன் கேட்டபோதே தெரிந்தது, அந்த அரை ஹாரன் அவனுடையதுதான். இளைத்திருக்கிறான், கழுத்தில் மூட்டை உரசிக் கறுத்த தடம். சாய்பலகையை இறக்கி என்னை ஏற்றினான். பிரேக்கைப் போட்டுவிட்டுப் பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இரண்டு வாரமாக மனசுக்குள் எழுதி எழுதி அழித்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். தப்பு என்னுடையது, உன் தலையில் விழ விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன், உன் பெண்டாட்டி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்னும் என்னென்னவோ.

கடைசிவரை கேட்டுக்கொண்டான்.

"சரிங்க மேடம்" என்றான். "இப்ப மாட்டலாமா?"

மேடம். மேலாளரம்மாவைக் கூப்பிடுகிற மேடம்.

நான் விளிம்பை விலக்கினேன். நாலையும் சட்டத்தில் மாட்டினான். இழுத்துப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான். பெல்ட் போட்டான். கதவைச் சாத்தும்முன் மறுபடி ஒருமுறை ஆட்டிப் பார்த்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

மேடம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றும் மேடம்தான். மூன்று தடவை. வேறு என்ன எதிர்பார்த்தேன்? அக்கா என்று கூப்பிட்டவன் தலையில்தான் மிளகாய் அரைத்தேன்.

மே 6, செவ்வாய்

ரேடியோ மாமா வண்டிக்குத் திரும்பினார். கட்டுப் பிரித்தாயிற்று. இரண்டு விரலால் குச்சியைத் தள்ளுகிறார். நாற்காலி கோணல்மாணலாகப் போகிறது, சாய்பலகையில் நேராக ஏற நாலு முறை முயன்றார். தம்பி தள்ளப் போனான். "விடுடா, நானே ஏறறேன்" என்றார். ஏறினார்.

அவர் நாற்காலியின் பின்பக்கம் பை தொங்கியது. இன்று பார்த்தேன்.

வழியில் கொஞ்சம் பேசினார். தண்ணீர்க் குழாய் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். கையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டார், தாளம் தட்டவில்லை.

மே 9, வெள்ளி

காலையில் மழை. வேனுக்குள் இருட்டாக இருந்தது. தம்பி எனக்கு முன்னால் முட்டி போட்டு, ஒரு கையில் கொக்கியோடு தடவிக்கொண்டிருந்தான். சட்டம் அகப்படவில்லை. பின்கதவு திறந்திருந்தது, பேருந்து நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் குடையோடு எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விளிம்பை இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்கக்கா, கொக்கி மாட்டற இடம் தெரியல" என்றான்.

தூக்கிப் பிடித்தேன்.